வீட்டு ஆளுக்கு நன்றி எதற்கு

பெருவிழாத் திருப்பலி முடிந்து, ஃபாதர் இறுதி ஆசீர் கொடுப்பதற்கு முன்னால் பங்குப் பேரவைச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். கையில் நான்காக மடித்த ஒரு தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த குருக்களுக்கு முதலில் நன்றி சொன்னார். பிறகு பந்தல்காரருக்கு, சீரியல் பல்பு கட்டியவருக்கு, மைக் செட்டுக்கு, ஜெனரேட்டருக்கு. பீடத்துக்குப் பூ வைத்த பெண்களுக்கு, தேர் தூக்கப்போகும் இளைஞர்களுக்கு, சமையல்காரருக்கு, பந்தி பரிமாற நின்றவர்களுக்கு. போலீசுக்கு, மின்துறைக்கு, தண்ணீர் வண்டி அனுப்பிய கொம்யூன் பஞ்சாயத்துக்கு. கடைசியாக, கோயிலுக்கு எதிரே கரும்பு வெட்டி முடித்த தன் கொல்லையில் வண்டிகளை நிறுத்திக்கொள்ள விட்ட விவசாயிக்கு. அவர் கோயிலுக்கு வெளியே சைக்கிள் அருகில் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு கீபோர்டில் உட்கார்ந்திருந்த என் பக்கம் திரும்பி, இரண்டு விரலை ஆட்டி, "ம், பாட்டு போடும்மா" என்றார்.

கொடியேற்றத்திலிருந்து அன்றைக்கு வரை பத்து நாள். ஒன்பது மாலைகளும் வேலையிலிருந்து நேராகக் கோயிலுக்கு வந்து, செபமாலைக்கு, நவநாளுக்கு, திருப்பலிக்கு, கொடியைச் சுற்றிய பவனிக்கு என்று பாடியிருந்தோம். என்னோடு நின்ற பெண்களில் ஒருத்திக்குக் காய்ச்சல். ஒருத்தி கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பாடினாள். அந்தத் தாளில் நாங்கள் இல்லை.

கோபம் வந்தால் கை நடுங்கும் என்பார்கள். எனக்கு நடுங்கவில்லை. கடைசிப் பாட்டை ஒரு கட்டை பிசகாமல் வாசித்தேன். பொத்தானை அழுத்தியதும் ஓடுகிற மெஷின் போல என் விரல்கள் ஓடியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான கோபமே வந்தது.

செயலாளரைச் சமையல் கொட்டகை அருகில் பிடித்தேன். அண்டாவிலிருந்து பிரியாணி தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நன்றி சொன்னீங்களே, அதுல பாட்டுக் குழு இல்லையே."

அவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, உண்மையாகவே விரலை வைத்துப் படித்துப் பார்த்தார். "அட, ஆமாம்மா. வுட்டுப்போச்சு." பிறகு சிரித்தார். "நீங்கல்லாம் நம்ம வூட்டு ஆளுங்க. வூட்டு ஆளுக்குப் போயி யாருனா நன்றி சொல்லுவாங்களா? வா, குந்திச் சாப்புடு. ஆறிடப்போவுது."

அவர் கெட்டவர் அல்ல. விடியற்காலையிலிருந்து தண்ணீர்க் குடம் தூக்கியவர். அவருக்கும்தான் யாரும் நன்றி சொல்லவில்லை. இதை இப்போது எழுத முடிகிறது. அன்றைக்கு அந்தத் தாளைப் பிடுங்கி அண்டாவுக்கு அடியில் எரிகிற விறகில் போட வேண்டும் போல இருந்தது. நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். பாகூரில் ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. வெறும் வயிற்றில் வருகிறவர்களுக்காகக் காலை ஏழு மணிக்குத் திறந்துவிடுவோம். கோயிலில் கீபோர்டு வாசிக்க ஆரம்பித்து அந்தப் பெருவிழாவோடு பத்தொன்பது வருடம்.

லேபிலும் என்னை விடமாட்டார்கள். ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, ஊசியை ஏற்றிய பிறகு, கண்ணை மூடிக்கொண்டே ஒரு அம்மா சொல்லுவார்: "வர்ற புதங்கெழம எம்பொண்ணுக்குக் கல்யாண மந்திரிப்பு. வந்து வாசிச்சுடு." ஒருவருடைய நரம்பில் ஊசியை வைத்துக்கொண்டு முடியாது என்று சொல்ல எனக்கு வந்ததில்லை. ம் என்பேன். அந்தப் புதன்கிழமை அரை நாள் லீவு போடுவேன்.

பாட்டு நீளம் என்பார்கள். அடுத்த வாரம் குறைத்தால், இதென்ன தொடங்குவதற்குள் முடிந்துவிட்டது என்பார்கள். புதுப் பாட்டு போட்டால் வாயில் நுழையவில்லை, பழசு போட்டால் இதையே எத்தனை வருடம் கேட்பது. திருப்பலி முடிந்து நான் ஒயரைச் சுற்றி முடிப்பதற்குள் வாட்சப்பில் வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கும். எதற்காவது முகம் சுளித்தால் ஒரு பதில் தயாராக இருக்கும்: "கடவுளுக்காகத்தானே பண்றீங்க." இந்த வாக்கியத்தைப் போல என்னை எரிச்சலூட்டியது வேறு எதுவும் இல்லை. எங்கள் பக்கத்துக் கோயில்களில் பாடுகிறவர்கள், மிருதங்கமோ தபலாவோ வாசிக்கிறவர்கள், யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியே வாயை அடைத்திருப்பார்கள். கடவுளுக்காகத்தான். ஆனால் கடவுள் என்னிடம் காலை ஐந்து மணிப் பூசைக்கும் எட்டு மணிப் பூசைக்கும் நடுவில் ஒரு மந்திரிப்பையும் செருகச் சொல்லவில்லை. சொன்னது மனிதர்கள்.

அந்த வருடத் தவக்காலத்தில் என் குரல் கட்டியது. பாடிப் பாடி வந்த கட்டு, தானாகப் போகும் என்று விட்டேன். உயிர்ப்புப் பெருவிழா போய் ஒரு மாதம் ஆகியும் போகவில்லை. தொண்டை டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாண்களில் முடிச்சு போல வந்திருக்கிறது, இரண்டு மாதம் பாடவே கூடாது, பேசுவதையும் குறை என்றார். பேரவையில் சொன்னேன். "அதுக்கென்ன, வாசிக்க மட்டும் செய்" என்றார்கள். இரண்டாவது வாரமே பெண்கள் சுருதி இறங்கிப் போனார்கள் என்று நான் மைக்கை இழுத்துப் பாடினேன். மற்றவர்கள்தான் என்னைப் பாட வைத்தார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. அதற்கு மூன்று வருடம் முன்னால் என் அப்பா இறந்தார். சோரியாங்குப்பத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குப் போனவர், திரும்பி வரும்போது நெஞ்சு வலிக்கிறது என்று பஸ்ஸிலேயே சாய்ந்துவிட்டார். மறுநாள் நான்கு மணிக்கு அடக்கத் திருப்பலி. மூன்று மணிக்கு, பீட வேலை பார்க்கிற கோயில்பிள்ளை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "கீபோர்ட எடுத்து வெக்கணும், சாவி" என்றார். அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது. நானே எழுந்து போனேன்.

என் அப்பாவின் பெட்டி கோயிலுக்குள் வந்தது நான் வாசித்த பாட்டுக்கு. பெட்டி நடுவில் வருகிறது, என் அம்மா அதைப் பிடித்துக்கொண்டு வருகிறார், நான் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த எண்ணைத் தேடுகிறேன். காணிக்கைக்கு ஒன்று, நற்கருணைக்கு இரண்டு, கடைசியில் கல்லறைக்குக் கிளம்பும்போது ஒன்று. கூட்டம் கிளம்பியது. நான் ஸ்விட்சை அணைத்து, கீபோர்டைத் துணியில் சுற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது ஒரு சித்தி என் தோளைத் தட்டி, "அப்பாவுக்கு நல்லா வாசிச்சுட்டே" என்றாள். அன்றிலிருந்து மூன்று வருடமாக எனக்குள் ஒரே கேள்வி. அவ்வளவு பேர் நின்ற கோயிலில், ஒருவராவது வந்து, நீ போய் உன் அப்பா பக்கத்தில் இரு என்று சொல்லியிருக்கக் கூடாதா?

பெருவிழா முடிந்த திங்கட்கிழமை சாயங்காலம் ஃபாதர் பங்களாவுக்குப் போய் அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்தேன். எங்கள் ஃபாதர் இளவயதுக்காரர். மூன்று கிளைக் கிராமங்களுக்கும் அவர் ஒருவர்தான். ஏதோ எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"இனிமே என்னால முடியாது ஃபாதர்."

அவர் சாவியைப் பார்த்தார். "அப்ப வர்ற ஞாயிறு யாரு வாசிப்பா?"

என்ன ஆச்சு என்று அவர் கேட்பார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். கேட்டால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"தெரியல ஃபாதர்."

"அவசரப்படாதீங்கம்மா. செபம் பண்ணிட்டு முடிவெடுங்க."

"அதுக்குத்தான் ஃபாதர் நேரமே இல்லாமப் போச்சு. பத்தொன்பது வருஷமா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அது எவ்வளவு உண்மை என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. பெண்கள் பக்கத்தில், கடைசியிலிருந்து மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதல் வாசகம் ஓடுகிறபோது என் மனம் பதிலுரைப்பாடலுக்குச் சுருதி எடுத்தது. மறையுரை ஓடுகிறபோது காணிக்கைப் பாட்டுக்குப் பக்கம் புரட்டியது. ஃபாதர் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிற நேரத்தில், எல்லோரும் தலை குனிந்து முணுமுணுக்கிறார்கள், நான் அடுத்த பாட்டுக்கு நான்கு எண்ணிக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது வருடமாக வாரம் தவறாமல் கோயிலுக்கு வந்த எனக்கு ஒரு பூசை காணத் தெரியவில்லை.

பாட்டு கேவலமாக இருந்தது. எனக்குப் பின்னால் வருடக்கணக்காக நின்று பாடிய அங்கன்வாடி டீச்சர்தான் அன்று கீபோர்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வருகைப் பாட்டை எட்டாத உயரத்தில் எடுத்துவிட்டாள். இரண்டாவது அடியிலேயே பெண்கள் மூச்சு வாங்கி நிறுத்திவிட்டார்கள். அவள் மட்டும் தனியாகக் கீச்சென்று பாடி முடித்தாள். சனங்கள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு இனித்தது. மறைக்க ஒன்றுமில்லை, நன்றாக இனித்தது.

வெளியே வந்ததும் இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாம நல்லாவே இல்லடி" என்றார்கள். இந்தச் சொல்லுக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன். நான் இருந்தபோது ஒரு முறை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும். கையை உருவிக்கொண்டு நடந்தேன்.

மூன்றாவது வாரம் பதிலுரைப்பாடலைப் பாடவே இல்லை. மெட்டு தெரியவில்லை போல. வாசகம் வாசிக்க வந்தவரே அதையும் வாசித்தார். அந்தத் திருப்பாடலை நான் எத்தனையோ முறை பாடியிருக்கிறேன். மூன்றாவது அடியில் ஒரு சொல் மெட்டுக்கு அதிகம், அதை இழுக்காமல் அமுக்கிவிட வேண்டும் என்பது மட்டும்தான் எனக்கு ஞாபகம். அன்றைக்குத்தான் அதில் என்ன இருக்கிறது என்று காதில் விழுந்தது. அதை எழுதிய மனிதர் கடவுளிடம் மரியாதையாகப் பேசவில்லை. தூங்குகிறாயா என்று கேட்கிறார். என்னை மறந்துவிட்டாயா, இன்னும் எத்தனை நாள் இப்படியே விட்டு வைப்பாய் என்று கேட்கிறார். அதைக் கோயிலில் நின்று மைக்கில் வாசிக்கிறார்கள், எல்லோரும் பதில் சொல்கிறார்கள், ஒருவரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை.

பீடத்தைப் பார்த்துக்கொண்டு மனதுக்குள் கேட்டேன். நீயுமா என்னை வீட்டு ஆள் என்று நினைத்துவிட்டாய்? என் அப்பா செத்த அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்? என் தொண்டையில் முடிச்சு விழுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாயே, உனக்குப் போதும் என்று சொல்ல வாய் இல்லையா? திருப்பலி முடிகிற வரை இப்படியே சண்டை போட்டேன். நற்கருணைக்கு வரிசையில் நடந்து போகும்போதும் சண்டை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நான் ஒரு பாட்டுக்கும் எண்ணவில்லை என்று வீட்டுக்கு வந்து உலையில் அரிசி போடும்போதுதான் உறைத்தது. ரொம்ப வருடங்களுக்குப் பிறகு நான் கடவுளோடு பேசியிருக்கிறேன்.

நாலாவது வாரம், சனிக்கிழமை மூன்று மணி இருக்கும். அங்கன்வாடி டீச்சர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். சமாதானம் பேச வருகிறாள், திரும்பி வரச் சொல்லிக் கெஞ்சப்போகிறாள் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அலமாரி சாவிய ஃபாதர்கிட்ட குடுத்துட்டீங்க. பென்டிரைவ் யார்கிட்டக்கா இருக்கு?"

எந்தப் பாட்டுக்கு என்ன ரிதம், என்ன ஸ்கேல் என்று நான் பதிந்து வைத்த பென்டிரைவ் அது.

"என்கிட்ட. அது நான் சொந்தமா சேத்தது."

"தெரியும். அத்தக் குடுங்க. ரெண்டு நாளு வெச்சுக்கினு தரேன்."

"இன்னா இவ்ளோ கோவமா கேக்குற?"

"உங்களுக்கு மட்டுந்தான் கோவம் வருமா?" என்றாள். கன்னம் சிவந்திருந்தது. "பதினோரு வருஷமா உங்க பின்னால நிக்கறேன்க்கா. ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு என்ன ஆரம்பிக்க வுட்டிருக்கீங்களா? யாருனா கட்டையத் தொட்டா கைய எடுன்னுவீங்க. வூட்டுல நான் சின்ன கீபோர்டு வாங்கி, போனப் பாத்துப் பாத்துக் கத்துக்கினேன். அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. "கேட்டிருந்தா வாசிக்க வுட்டிருப்பேனே" என்றேன்.

"கேட்டேன். உங்க அப்பா செத்தன்னைக்குக் கேட்டேன்."

"நீ கேக்கல."

"கேட்டேன்க்கா. நீங்க வெள்ளப் பொடவையில வந்து ஸ்டூல்ல குந்துனீங்க. நான் பக்கத்துல வந்து, நீங்க போயி அப்பாகிட்ட இருங்க, நான் வாசிக்கறேன், எல்லாப் பாட்டும் பாத்து வெச்சிருக்கேன்னு சொன்னேன். நீங்க என் மூஞ்சியக்கூடப் பாக்கல. நகரு, ஸ்கேல் மாறிடும்னீங்க."

"பொய் சொல்லாத."

அவள் என்னையே பார்த்தாள். "இந்த நாலு வாரமா ஊரே என்னை வையுது. வாய்ஸ் மெசேஜ் வந்துக்கினே இருக்கு. பென்டிரைவ் இல்லன்னா நானும் வுட்டுடறேன்னு சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். உங்களமாதிரி பத்தொன்பது வருஷம்லாம் என்னால முடியாது." ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பென்டிரைவைக் கேட்டதே மறந்துபோய்ப் போய்விட்டாள்.

என் வீட்டுக்காரருக்குச் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. அவர் வந்து முகம் கழுவி உட்காருகிற வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"அப்பா அடக்கத்தன்னைக்கு, டீச்சர் என்கிட்ட வந்து நான் வாசிக்கறேன்னு கேட்டாளா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ம், கேட்டா" என்றார். "நான் கோயில் வாசல்ல பெட்டிகிட்டதான நின்னேன். பாத்தேன்."

"அத்த இன்னாத்துக்கு இத்தினி நாளா சொல்லல?"

"எப்ப சொல்றது? நீ எப்பவும் பாட்டுப் பொறுக்கிக்கினு இருப்ப."

"நீங்களாவது அன்னைக்கு என் கையப் புடிச்சி இழுத்துக்கினு போயிருக்கலாமே."

"இழுத்தா வந்திருப்பியா?"

அந்த வாரம் முழுவதும் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. லேபில் ஒரு பெரியவருக்கு இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. அப்படி எனக்கு ஆனதே இல்லை. மூன்று வருடமாக நான் ஊரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்த வழக்கு அது. யாரும் வரவில்லை என்பதுதான் என் சாட்சி. ஒருத்தி வந்திருக்கிறாள். நான்தான் அவளை நகரச் சொல்லியிருக்கிறேன். என் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாமல் என்னைத் தடுத்த பூட்டை நானே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதனால் செயலாளர் மேல் இருந்த கோபமோ, ஃபாதர் மேல் இருந்த கோபமோ குறைந்துவிடவில்லை. அவர்கள் செய்தது அவர்கள் செய்ததுதான். என்னை விட்டால் ஆள் இல்லை என்று அவர்கள் நினைத்தார்கள். நான் அதையே நினைத்தேன். அதில் ஒரு ருசி இருந்தது எனக்கு. தொண்டை போனாலும் பரவாயில்லை, அந்த ருசி போகக் கூடாது என்று இருந்திருக்கிறேன். கடவுளுக்காகத்தானே என்று மற்றவர்கள் சொன்னபோது எரிந்த நான், எனக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டுதான் ஸ்டூலை விடாமல் பிடித்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்குப் போனேன். அவள் இருந்தாள். விட்டுவிடவில்லை. பென்டிரைவை அவள் கையில் கொடுத்தேன்.

"அன்னைக்கு நீ வந்து கேட்டது எனக்கு ஞாபகமே இல்ல. நெசமா."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா இவ்ளோ நாள் கோவமா இருந்த?"

"உங்களுக்கு ஞாபகம்கூட இல்லாமப் போச்சேன்னுதான் கோவம்."

மன்னித்துவிடு என்று சொன்னேன். அந்தச் சொல் எனக்குச் சுலபமாக வரவில்லை, கட்டிய குரலில் பாதி காற்றுதான் வந்தது. அவள் சரி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. "பின்னால குந்துங்க, ஆரம்பிக்கலாம்" என்றாள். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் பாட்டையே தப்பான ஸ்கேலில் எடுத்தாள். இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் மூடிக்கொண்டேன். மூன்றாவது அடியில் அவளே கண்டுபிடித்து நிறுத்தி, இறக்கி, மறுபடி எடுத்தாள்.

பேரவையின் அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனோம். பெருவிழா வரவேற்புப் பலகையிலிருந்து கழிவறைத் தொட்டி வரை எல்லாம் பேசி முடித்த பிறகு, வேறு ஏதாவது உண்டா என்று செயலாளர் கேட்டார். நான் எழுந்தேன்.

"நாலு விஷயம் எழுதிக்கணும்ணே. சாவு வுழுந்த வூட்டு ஆளு அந்தப் பூசையில வாசிக்கவும் கூடாது, பாடவும் கூடாது. அவங்களா வந்து நின்னாலும் குந்தவெக்கணும். ரெண்டாவது, பாட்டுக் குழுல இருக்கற ஒவ்வொருத்தருக்கும் மாசத்துல ஒரு ஞாயிறு லீவு. மூணாவது, பெருவிழா நவநாளுல மூணு நாளாவது கிளைக் கிராமத்துக் குழுக்கள் பாடணும். நாலாவது, பாட்டு நல்லா இல்லன்னா என்கிட்டயோ இவகிட்டயோ ஞாயித்துக்கெழம சொல்லக் கூடாது. திங்கக்கெழம சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். செயலாளர் பேனாவை வைத்துவிட்டார். "இதெல்லாமா நோட்டுல எழுதுவாங்க? நமக்குள்ள பேசிக்கற விஷயம்மா. நம்ம வூட்டு விஷயம்."

என் குரல் அதற்குள் உடைந்துபோயிருந்தது. இருந்தாலும் சொன்னேன். "வூட்டு ஆளுக்கு ஒடம்பு சரியில்லன்னா ஒரு வாய் கஞ்சியாவது வெச்சுக் குடுப்பாங்கண்ணே. நாலு வாரம் கோயில் கடைசியில குந்திக்கினு இருந்தேன். இந்த ரூம்புல இருக்கறவங்க அத்தினி பேரும் என்னப் பாத்தீங்க. இன்னா ஆச்சுன்னு ஒருத்தர்கூட வூட்டுக்கு வரல. வந்தது இவ ஒருத்தி. அதுவும் சண்ட போட வந்தா. நன்றில்லாம் வேணாம். இத்த எழுதுங்க."

ஃபாதர் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அவர்தான், "எழுதுங்க" என்றார். செயலாளர் எழுதினார். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் ஃபாதர் என்னை நிறுத்தி, "அன்னைக்கு நான் வேற ஒண்ணு கேட்டிருக்கணும்மா" என்றார். "ஆமா ஃபாதர்" என்றேன். அதற்கு மேல் நானும் இழுக்கவில்லை, அவரும் இழுக்கவில்லை.

இப்போது மாதம் இரண்டு ஞாயிறு நான் வாசிக்கிறேன். மற்ற ஞாயிறுகளில் அவள். குரல் முழுவதும் திரும்பி வரவில்லை, மேலே போகாது. கீழே நின்று பாடுகிறேன். எழுதி வைத்த நான்கில் இரண்டைத்தான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள். வாய்ஸ் மெசேஜ் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுகிறது. முன்பு அதைக் கேட்டு அழுவேன். இப்போது திங்கட்கிழமை வரை திறப்பதில்லை. கோபம் வருகிறது, வரத்தான் செய்கிறது. என் முறை இல்லாத ஞாயிறுகளில் தூண் ஓரத்தில் உட்கார்ந்து அதை முதலில் கடவுளிடமே கொட்டுகிறேன். அவர் இதுவரை எனக்குப் பதில் சொன்னதில்லை. எழுந்து போனதும் இல்லை.

போன மாதம் சுகர் டெஸ்டுக்கு ஒருவர் வந்தார். கிருமாம்பாக்கத்தில் பஸ் ஏறி வந்ததாகச் சொன்னார். கையை நீட்டியபோது விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. என்ன வேலை என்று கேட்டேன். பெயிண்டர், கோயிலில் தபலா வாசிக்கிறேன், இருபத்திரண்டு வருடமாக என்றார். பிறகு நான் கேட்காமலே சொன்னார்.

"வுட்டுடலாம்னு இருக்கேன்மா. கோயில் வாசல்ல கால் வெச்சாலே எரிச்சலா வருது. பாவந்தான."

"பாவம் இல்ல" என்றேன். "ஒரு ரெண்டு மாசம் வுட்டுடுங்க. கோயிலுக்குப் போறத வுடாதீங்க. கடைசில போயி சும்மா குந்துங்க. எரிச்சல் வந்தா அவருகிட்டயே திட்டுங்க, கேப்பாரு. அதுக்குள்ள உங்க பக்கத்துல நிக்கறவங்க யாருக்குனா வாசிக்க ஆச இருக்கான்னு பாருங்க. கண்டிப்பா ஒருத்தரு இருப்பாங்க. நமக்குத்தான் கண்ணு தெரியாது."

அவர் யோசித்தார். "தபலா என்னுது. வேற யாரும் தொட்டா எனக்குப் புடிக்காது" என்றார்.

"தெரியும்" என்றேன். ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தி, ஐந்து நிமிடம் கையை மடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.